தெப்பத்துக்கு அடியில் நடந்தவள்

கடம்பன்திட்டுக்கு மருமகளாக வந்த நாளில் வேல்விழி ஏறியதும் தெப்பம் மணலில் உட்கார்ந்துவிட்டது. அவள் இறங்கினாள்; தெப்பம் எழும்பி மிதந்தது. மறுபடி ஏறினாள், மறுபடி உட்கார்ந்தது. மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளை செழியன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அம்மா சண்முகத்தாய்தான் தெப்பக்காரி. அவள் மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு, "புதுசா வர்ற பிள்ளைகளுக்கு இப்படித்தான். நாலு நாள்ல சரியாயிரும். நீ இறங்கி நடந்து வா தாயி" என்றாள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் மணலுக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் மிதந்து வர, கல்யாணப் பெண் பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெப்பத்தின் ஓரமாகச் சுடுமணலில் நடந்து புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வைப்பாறு ஏழாயிரம்பண்ணைக்கு வடக்கே ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் தனித்தனியே போய், மறுபடி கூடிக்கொள்கிறது. நடுவில் கிடக்கிற மேடுதான் கடம்பன்திட்டு. முப்பத்துச் சொச்சம் வீடுகள், ஒரு காளியம்மன் கோயில், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், மேற்குக் கரையில் வரிசையாகப் பனைகள். மேலே அணையும் கிணறுகளும் வந்தபிறகு வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஆறு வருஷம் பூராவும் வெறும் மணல்தான். திட்டுக்காரர்களுக்கு மட்டும் அது பழையபடியே ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்கு மலையில் மழை பெய்தால் ஏறும். பங்குனி, சித்திரையில் இடுப்புக்கு இறங்கும். திட்டில் பிறந்த பிள்ளை பிறந்த அன்றைக்கே அதில் நனையும். நீச்சல் தெரியாதவன் அதில் முங்கிச் செத்தும் போவான். குடத்தில் மொண்டு கரைக்குக் கொண்டுவந்துவிட்டால் அது எல்லாருக்கும் தண்ணீர். வலையில் ஏறிவிட்டால் கெண்டை எல்லாருக்கும் கெண்டை. ஏழாயிரம்பண்ணைச் சந்தையில் கண்மாய்க் கெண்டையைவிட இதற்குக் கொஞ்சம் விலை கூட, ருசி அப்படி. ஆற்றுக்குள் இருக்கிறவரைதான் வித்தியாசம். ஒருமுறை பாலம் வேண்டுமென்று மனுக் கொடுத்தார்கள். வந்த இன்ஜினியர் நல்ல மனிதர். அக்கரையிலிருந்து ஷூக் காலோடு நடந்து வந்து, நுங்கு சாப்பிட்டு, எல்லார் வீட்டிலும் சௌக்கியம் விசாரித்துவிட்டு, நடந்தே திரும்பினார். பாலம் வரவில்லை. அவர்மேல் யாருக்கும் வருத்தமில்லை. அவருக்கு ஆறு இல்லை, அவ்வளவுதான்.

திட்டில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. காலையில் கம்பெனி வேன் தென்கரையில் வந்து நிற்கும். சண்முகத்தாய் கம்பெனியில் கழித்துப்போட்ட நீலப் பேரல்களையும் மூங்கிலையும் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் ஆட்களை ஏற்றி, கழி ஊன்றிக் கொண்டுபோய் விடுவாள். வேன் டிரைவர் பாண்டிமுருகன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இருபது பேர் அந்தரத்தில் மிதந்து வருவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வாரம், "சீக்கிரம் வாங்கக்கா, லேட்டாகுது" என்று ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

வேல்விழிக்குப் பிறந்த ஊர் எம். புதுப்பட்டி. அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்க்கவே பக்கத்து ஷெட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவன் செழியன். திட்டைப் பற்றி அவன் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியிருந்தான். அவள் நம்பியும் நம்பாமலும்தான் கழுத்தை நீட்டினாள்.

வெளியூரிலிருந்து வருகிற மருமகள்கள் எல்லாருக்குமே ஒரு நாள் வரும். ஒருத்தி துணி துவைக்கிற பாவனையில் மற்றவர்களோடு கரையில் உட்கார்ந்திருக்கும்போது கொலுசு நனையும். ஒருத்தி ஆற்றில் நடந்து போய்க்கொண்டிருக்கையில் திடீரென்று முழங்கால் வரைக்கும் சில்லிட்டு, ஐயோவென்று கத்துவாள். உடனே கரையில் நிற்கிற பெண்கள் குலவை போடுவார்கள். மாமியார் வீட்டில் பருத்திப்பால் காய்ச்சி வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். அன்று முதல் அவள் திட்டுக்காரி. சிலருக்கு ஒரு வாரத்தில் நடக்கும், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். முதல் பிள்ளைக்குள் எல்லாருக்கும் நடந்துவிடும் என்பதுதான் அதுவரைக்கும் நடைமுறை.

வேல்விழிக்கு முதல் பிள்ளை பிறந்தும் நடக்கவில்லை. மகளை அன்றைக்கே ஆற்றில் நனைத்துக் கொண்டுவந்தார்கள். ஈரத் தலையோடு வந்த குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அழுததைச் சண்முகத்தாய் பார்த்தாள். பார்க்காததுபோல வெளியே போய்விட்டாள். குழந்தை வளர்ந்து பாட்டியோடு தெப்பத்தில் போகிற வயதானபோது, வேல்விழி கீழே ஓரமாக நடந்தபடி தொங்குகிற அந்தச் சின்னப் பாதத்தைப் பிடித்துக்கொண்டே போவாள். பாதம் ஈரமாக இருக்கும். கையை எடுத்துப் பார்த்தால் கை காய்ந்திருக்கும்.

ஒருமுறை, கல்யாணமாகி மூன்றாவது வருஷத்தில், அவள் ஒரு காரியம் செய்தாள். வீட்டுக்குள் இருந்த குடத்துத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு கரைக்கு ஓடி, "யத்தே, நனைஞ்சிட்டேன்!" என்று கத்தினாள். குலவைச் சத்தம் திட்டு முழுக்கக் கேட்டது. சண்முகத்தாய் ஓடிப்போய் அடுப்பை மூட்டினாள். சாயங்காலம் எல்லார் முன்னாலும் மருமகளைத் தெப்பத்தில் ஏற்றினார்கள். தெப்பம் முனகிக்கொண்டு மணலில் உட்கார்ந்தது. வேல்விழிக்கு அந்த மணலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. சண்முகத்தாய்தான் முதலில் அசைந்தாள். அகப்பையை எடுத்துக்கொண்டு வந்து, "என்ன எல்லாரும் மரம் மாதிரி நிக்கீக? காய்ச்சினது காய்ச்சியாச்சு, ஆறிப்போகும் முன்ன குடிங்க" என்றாள். முதல் டம்ளரை மருமகள் கையில்தான் கொடுத்தாள்.

ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவள் மனசு இன்னும் புதுப்பட்டியில்தான் கிடக்கிறது என்றார்கள். செழியன் இரண்டு பேரோடு சண்டைக்குப் போய்ச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தான். சண்முகத்தாய் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு மட்டும் நேர்ந்துகொண்டாள்: என் மருமகள் கால் நனையட்டும், என் தலைமுடியைத் தருகிறேன்.

இதற்கிடையே மாமியாரும் மருமகளும் தங்களுக்கென்று ஒரு வேலைமுறை வைத்துக்கொண்டார்கள். அது எப்போது ஆரம்பித்தது என்று இருவருக்குமே தெரியாது. மழைக்காலத்தில் ஆறு ஏறும்போது தெப்பம் வேல்விழியின் தலைக்கு மேலே போகும். அண்ணாந்தால் நீலப் பேரல்களின் பாசி பிடித்த அடிப்பக்கமும், மூங்கில் இடுக்கில் உட்கார்ந்திருப்பவர்களின் சேலைத் தலைப்பும் தெரியும். மேலிருந்து சண்முகத்தாயின் கழி இறங்கி வரும். அடி மணல் சில இடத்தில் இறுகியும் சில இடத்தில் புதைகுழியாகவும் இருக்கும். மேலே இருப்பவளுக்கு அது தெரியாது. ஒரு நாள் கழி புதையப் போவதைப் பார்த்த வேல்விழி அதன் நுனியைப் பிடித்து ஒரு சாண் தள்ளிக் கெட்டியான இடத்தில் வைத்தாள். மேலே கழி ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தி ஊன்றியது. அன்றிலிருந்து கழி இறங்கும்போதெல்லாம் கீழே ஒரு கை வாங்கி இடம் பார்த்து வைத்தது. எத்தனை வேகமான தண்ணீரிலும் சண்முகத்தாயின் தெப்பம் கோடு போட்டதுபோலப் போவதைப் பார்த்து மற்றவர்கள் அவள் கைவாகு என்றார்கள்.

நாலாவது வருஷம் ஐப்பசியில், தீபாவளி சீசன் உச்சத்தில், மலையில் மழை கொட்டியது. காலையில் ஆட்களை இறக்கிவிட்டபோது தண்ணீர் கழுத்தளவுதான். மதியம் இங்கே தூற ஆரம்பித்ததும் இடி விழும் என்று கம்பெனியில் வேலையை நிறுத்தி எல்லாரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தென்கரையில் இறங்கியதுமே திட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவ்வளவு இரைச்சல். கரை உடைந்துவிடும் போல ஆறு ஓடியது. பாண்டிமுருகனுக்கு மழையில் நனைந்த மணல் மட்டும் தெரிந்தது. வேல்விழிக்கும் அதுதான்.

வந்தவர்களில் மூன்று பேர் பால் கொடுக்கிற தாய்மார்கள். பிள்ளைகளைத் திட்டில் சண்முகத்தாயிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். காலையில் கொடுத்த பால்தான். நேரம் ஆக ஆக மாராப்பு நனைந்து, அவர்கள் கரையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்கள். அக்கரையில் பிள்ளைகள் அழுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்டதாம். அந்த இரைச்சலில் எப்படிக் கேட்டதென்று யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் அக்கரையில் சண்முகத்தாய் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தெப்பத்தை அவிழ்ப்பது தெரிந்தது.

"வராதீக! வராதீகம்மா!" என்று செழியன் தொண்டை கிழியக் கத்தினான். அவள் வந்தாள். அவளுக்கும் பிள்ளைகள் அழுகிற சத்தம் பொறுக்கவில்லை.

வேல்விழி யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பையைப் பாண்டிமுருகன் கையில் கொடுத்துவிட்டு ஆற்றுக்குள் இறங்கி நடந்தாள். நடு ஆற்றுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். தெப்பம் இரண்டாள் உயரத்தில் வந்துகொண்டிருந்தது. கழி கீழே வரை எட்டவில்லை. அவள் எம்பிக் குதித்து நுனியைப் பிடித்து, அங்கே கிடந்த ஒரு பாறையின் மேல் ஏறி நின்று, அதைத் தன் தோளில் ஊன்றக் கொடுத்தாள். தோள் எலும்பு முறிவதுபோல வலித்தது. தெப்பம் ஒரு முழம் முன்னேறியது. பாறையிலிருந்து இறங்கி அடுத்த மேட்டுக்கு ஓடினாள். மறுபடி தோளைக் கொடுத்தாள். கரையில் இருந்தவர்கள் சண்முகத்தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிமுருகன் ஒருவன்தான் வேல்விழியைப் பார்த்தான். அவனுக்கு இடையில் தண்ணீர் இல்லை.

மேற்கேயிருந்து ஒரு முழுப் பனைமரம் வேரோடு வந்தது. வேல்விழியின் கண்ணுக்கு அது அந்தரத்தில், படுத்தவாக்கில், ஒரு சத்தமும் இல்லாமல் பறந்து வந்தது. "யத்தே! மரம்! மரம் வருது!" என்று கத்தினாள். அவள் சத்தம் மேலே போனதா, போகவில்லையா, தெரியாது. மரம் தெப்பத்தின் நடுவில் மோதியது. நீலப் பேரல்கள் ஆளுக்கொரு திசையாகப் பிய்த்துக்கொண்டு போயின. சண்முகத்தாய் விழுந்தாள்.

விழுந்தவள் தொப்பென்று கீழே வரவில்லை. சேலை குடைபோல விரிய, கூந்தல் மேல்நோக்கி மிதக்க, கைகால்களை உதைத்துக்கொண்டு, கிழக்கே இழுபட்டபடி மெல்ல மெல்ல இறங்கினாள். செழியன் கரையிலிருந்து குதித்தான். ஆறு அவனைப் புரட்டி எடுத்து அடுத்த வளைவில் உயிரோடு கரையிலேயே தூக்கிப் போட்டது. மேலும் இரண்டு பேர் குதிக்கப் போனதைப் பெண்கள் பிடித்து நிறுத்தினார்கள். வேல்விழி ஓடினாள். ஈர மணல் காலை வாங்கியது. மாமியாரின் தலைக்கு நேர் கீழே போய், கையை உயர்த்திக் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். பிறகு இடுப்பைக் கட்டிக்கொண்டாள். யாரோ ஒரு பெரிய ஆள் மறுபக்கம் நின்று இழுப்பதுபோல இருந்தது. காற்று வீசாத இடத்தில் நின்றுகொண்டு, தன் கையில் ஒரு மனுஷி மூச்சுக்குத் தவிப்பதை வேல்விழி பார்த்தாள். மாமியாரின் வாய் திறந்து திறந்து மூடியது. வேல்விழியின் முகத்துக்கும் அந்த முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இவள் மூச்சு வாங்கினாள், அவளால் முடியவில்லை.

"பிடிச்சிருக்கேன் யத்தே, பிடிச்சிருக்கேன், கண்ணை மூடாதீக" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தென்கரை மேட்டை நோக்கி ஏறினாள். தண்ணீர் எங்கே முடிகிறதென்று அவளுக்குத் தெரியாது. ஏறிக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில், அதுவரை மேலே மிதந்துகொண்டிருந்த சண்முகத்தாயின் கூந்தல் சடாரென்று தொங்கி வேல்விழியின் முதுகில் விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே முட்டிபோட்டு உட்கார்ந்து அவளைக் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தாள். சண்முகத்தாய் ஆற்றைக் கக்கினாள். கக்கி, இருமி, கண்ணைத் திறந்ததும் முதலில் மருமகளின் சேலையைத்தான் தொட்டுப் பார்த்தாள். தூறலில் விழுந்த புள்ளிகளையும், தன்னைச் சுமந்து வந்த தோள் பக்கத்தையும் தவிர அதில் ஈரமே இல்லை.

"நல்லவேளை" என்றாள் சண்முகத்தாய். "நல்லவேளைட்டி, நீ நனையாமப் போன."

வேல்விழிக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. ஆனால் அழுது முடிக்க நேரமில்லை. தெப்பம் போய்விட்டது, பிள்ளைகள் அக்கரையில். அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது, அவர்கள் திட்டில் பிறந்தவர்கள், தூக்கி வருகிற கையிலேயே முங்கிவிடுவார்கள். மூன்று தாய்மார்களும் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் தூக்குவாளியைக் கவிழ்த்து மிச்சச் சோற்றை எடுத்துவிட்டு, வேனில் இருந்த குடிதண்ணீரில் நன்றாகக் கழுவினாள். வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பாண்டிமுருகன் தலையைத் திருப்பிக்கொண்டு மழையில் நின்றான். வெளியே வந்தபோது வாளியில் பால் இருந்தது.

வேல்விழி மூடியை அழுத்தி, முந்தானையால் கட்டி, அந்த வெள்ளத்துக்கு அடியில் நடந்து போனாள். திட்டில் இருந்த பெண்கள் கரையில் கூடி நின்றார்கள். அவர்கள் கண்ணுக்கு, நுரைத்து ஓடுகிற செந்தண்ணீரிலிருந்து முதலில் வகிடு எடுத்த ஒரு தலை வந்தது, பிறகு தோள், பிறகு இரண்டு கையாலும் பிடித்த ஒரு தூக்குவாளி. ஆறு நனைக்காத தலை, ஆறு நனைக்காத தோள். ஒரு கிழவி, யாருக்கும் காத்திராமல், நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். பிறகு எல்லாரும் போட்டார்கள். அக்கரையில் இருந்தவர்களும் போட்டார்கள். நாலு வருஷமாக எந்தச் சத்தத்துக்காகக் காது வைத்துக் காத்திருந்தாளோ, அந்தச் சத்தம் இரண்டு கரையிலிருந்தும் தன் மேலே விழ, வேல்விழி நின்று கேட்டாள். பிறகு, "பால் கெட்டுரும், பிள்ளைகளை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

வெள்ளம் வடிகிறவரை அவள் அப்படிப் போய் வந்தாள். பால், மாத்திரை, அரிசி, செல்போன் சார்ஜர், கரையில் தங்கியவர்களுக்கு மாற்றுத்துணி. அந்த நாட்களில் ஆற்றின் அடியில் ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது.

தண்ணீர் இறங்கி, புதுத் தெப்பம் கட்டியதும், சண்முகத்தாய் முதல் காரியமாக இருக்கன்குடிக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வந்தபோது தலைமுடி அப்படியே இருந்தது. வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். சாமியிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா என்று ஊரில் பயந்தார்கள். "கேட்டேன், குடுத்துட்டா. அவளும் பொம்பளதான, புரிஞ்சுக்கிடுவா" என்றாள். வேல்விழி ஏன் நனையவில்லை என்று அதன்பிறகு யாரும் பேசவில்லை. தெப்பத்திலிருந்து தவறி விழுகிற தோடு, சாவி, செல்போன் எல்லாவற்றையும் கீழேயிருந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலையானது. ஒரு தரம் நூறு வருஷத்துக்கு முந்திய வெண்கலக் குடம் ஒன்று கிடைத்தது, கோயிலில் வைத்திருக்கிறார்கள். செல்போன்கள் மட்டும் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

போன தை மாதம் காரியாபட்டியிலிருந்து முத்துமாரி என்றொரு பெண் திட்டுக்கு வாக்கப்பட்டு வந்தாள். அவள் ஏறியதும் தெப்பம் உட்கார்ந்தது. கீழே நின்ற வேல்விழி கையை நீட்டினாள். "இறங்கி வா. செருப்பைக் கழட்டாத, மணல் சுடும்."

"எனக்கும் உங்களை மாதிரியே ஆயிருமாக்கா?"

"நனைஞ்சா அவுகளோட போ. நனையலேன்னா என்னோட நட. ரெண்டும் அங்கனதான் போய்ச் சேரும்."

ஒரு வாரம் இருவரும் சேர்ந்தே நடந்து வேனுக்குப் போனார்கள். முத்துமாரி சரம் பின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். திரியை எந்தப் பக்கம் மடக்குவது என்று ஒரு நாள் காலையில் நடு ஆற்றில் கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சு பாதியில் நின்றது. அவள் கூந்தல் மேலெழும்பியது. சேலை உடம்போடு ஒட்டியது. சாப்பாட்டுப் பை கையிலிருந்து நழுவ, கால் தரையைவிட்டுக் கிளம்பியது. வேல்விழி பதறவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் இரண்டு பாதங்களையும் உள்ளங்கையில் தாங்கி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மேலே தள்ளினாள். மேலே சண்முகத்தாய் குனிந்து, முடியைப் பிடித்துத் தெப்பத்தில் இழுத்துப் போட்டாள். குலவைச் சத்தம் மேலே கேட்டது. வேல்விழியும் கீழேயிருந்து நாக்கைச் சுழற்றினாள்.

சற்று நேரம் கழித்து, இருமலுக்கு நடுவில் முத்துமாரியின் குரல் மூங்கில் இடுக்கு வழியாகக் கீழே வந்தது.

"அக்கா, இருக்கீகளா?"

"இருக்கேன், இருக்கேன்" என்றாள் வேல்விழி. இரண்டு சாப்பாட்டுப் பைகளையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் இறங்கி வந்த கழியை வாங்கி, கெட்டியான இடம் பார்த்து வைத்தாள். "திரியை இடது பக்கமா மடக்கு. பெறகு ஒரு முடிச்சு."